நான்கு பேர் சேர்ந்து வீடு எடுக்கும் முன்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு போகப்போகிறேன். முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு மட்டும்தான் இனி விடுதியில் இடம் என்று சொல்லிவிட்டார்கள். தோழிகள் நான்கு பேர் சேர்ந்து வெளியே வீடு எடுக்கலாம் என்று இருக்கிறோம். இணையத்தில் விளம்பரம் பார்த்து ஒரு வீட்டுக்குப் போனோம். இருட்டிய பிறகு, பத்து நிமிடம்தான் பார்த்தோம். பிடித்திருந்தது. "இன்னும் இரண்டு பார்ட்டி கேட்டிருக்கிறார்கள், நாளைக்குள் டோக்கன் அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கே முடித்துத் தருகிறேன்" என்கிறார் புரோக்கர். ஒப்பந்தம் பிறகு வருமாம். எங்களில் ஒருத்தி பெயரில் போட்டாலே போதும் என்கிறார். பெற்றோர் நேரில் வர முடியாத நிலை. பணம் கொடுப்பதற்கு முன் நாங்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

'நாளைக்குள்' என்ற வார்த்தையை முதலில் ஒதுக்கி வையுங்கள். வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். என்னிடம் வரும் மாணவர்களில் பாதிப் பேருக்குமேல் அந்த வார்த்தையில்தான் கதையைத் தொடங்குகிறார்கள். நாளைக்குள் பணம் போடச் சொன்னார்கள், போட்டோம், அப்புறம்தான் தெரிந்தது என்பார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள உங்களுக்கு இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளைத் தராத வீடு கைநழுவிப் போனால் போகட்டும், வருத்தப்படாதீர்கள்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டைக் காட்டியவர் புரோக்கர், சரி. வீட்டு ஓனர் யார்? அவரைப் பார்த்தீர்களா, ஃபோனிலாவது பேசினீர்களா? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படித்ததும் எனக்கு உறுத்தியது அதுதான். சாவி கையில் இருப்பதாலேயே ஒருவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். குடியிருப்பவரே ஓனர் போல நடித்து உள்வாடகைக்கு விடுவதும், காலியான வீட்டின் சாவியை எப்படியோ வாங்கி ஒரே வீட்டை நான்கு பேருக்குக் காட்டி நான்கு பேரிடமும் டோக்கன் வாங்குவதும் நடக்கிறது. அதனால் ஓனரின் அடையாள அட்டையையும், அந்த வீட்டு முகவரி போட்ட சொத்து வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீதையும் கேளுங்கள். இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். பெயர் வேறாக இருந்தால், ஓனர் சார்பில் பணம் வாங்கவும் கையெழுத்துப் போடவும் தனக்கு அதிகாரம் உண்டு என்று காட்டும் எழுத்து பணம் கேட்பவரிடம் இருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அவர் உங்கள் கல்லூரி அடையாள அட்டையைக் கேட்கப்போகிறார் அல்லவா? நீங்களும் கேட்கலாம்.

விளம்பரத்தில் இருந்த படங்களை இணையப் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். அதே படுக்கையறை வேறு ஊர் வீட்டின் விளம்பரத்திலும் தெரிந்தால் அதோடு விட்டுவிடலாம். "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் வந்ததும் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எந்த ஓனராவது எழுதினால் பதிலே போடாதீர்கள். அது பல நாடுகளில் வெகுநாளாக ஓடும் மோசடி. பணத்தை ஓனர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், எதற்காக என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் தேதியும் தொகையும் கையெழுத்தும் உள்ள ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். டோக்கன் கொடுத்த பிறகு ஒப்பந்தம் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பணம் திரும்ப வருமா என்பதையும் அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். "பிறகு வரும்" என்கிறாரே, அந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் டோக்கனே கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இனி வீட்டுக்கு வருவோம். இருட்டிய பிறகு பத்து நிமிடத்தில் ஒரு வீட்டைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் இன்னொரு முறை போங்கள், நான்கு பேரும் போங்கள். உள்ளே நுழைந்ததும் பேசாமல் மூச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள். ஈரம் ஊறிய சுவருக்கு ஒரு வாடை உண்டு, அலமாரிக்குள் தலையை விட்டால் இன்னும் நன்றாகத் தெரியும். சுவரின் கீழ்ப் பகுதியில் மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அங்கே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சுவரைவிட சில்லென்று இருக்கிறதா, தட்டினால் பொடி உதிர்கிறதா? குளியலறைக்கு மறுபக்கம் உள்ள சுவரிலும், மேல்மாடியின் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரையிலும் மஞ்சள் வளையங்கள் இருக்கின்றனவா? பூஞ்சை பிடித்த அறையில் படுத்தால் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தொந்தரவு அதிகமாகும். உங்கள் நால்வரில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இதை ஒரு குறையாக மட்டும் எண்ணாமல் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். ஒரு குழாய் ஓடும்போதே இன்னொன்றைத் திறந்து, கழிவறையில் தண்ணீரும் விட்டுப் பாருங்கள். காலையில் நால்வரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது என்ன நடக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். வடிகாலில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மேசை போடப்போகும் மூலையில் நின்று ஃபோன் சிக்னல் பாருங்கள். படிப்பு வேலை பாதி அதில்தான் ஓடுகிறது. கட்டில் மெத்தையோடு வீடு தருகிறார்கள் என்றால் மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் பிரித்து ஃபோன் வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை சிதறியது போல் கரும்புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. வளர்ந்த பூச்சி ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும், ஆனால் உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீடு ரொம்ப நாளாகக் காலியாக இருந்தது என்ற சமாதானம் அதனிடம் செல்லாது.

இதுவரை சொன்னவை வசதியைப் பற்றியவை. இதில் ஒன்றிரண்டை விட்டுக்கொடுக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தண்ணீர் சுடவைக்க என்ன இருக்கிறது? மின்சாரத்தில் ஓடும் ஹீட்டரா, கேஸில் எரிவதா? கேஸ் என்றால் அது எங்கே மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் புகைக்குழாயே இல்லாமல் கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தால் அந்த வீடு வேண்டாம். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கேஸ், விறகு, கரி எதுவாக இருந்தாலும் சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். ராத்திரி கண்விழித்துப் படித்த களைப்பு என்றுதான் தோன்றும். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பவர் அப்படியே சரிந்து விழலாம். அடுப்பை ஏற்றிப் பாருங்கள், சுடர் நீலமாக நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாக அலைபாய்ந்தால், சுற்றிலும் கரி படிந்திருந்தால், சரிபார்க்காமல் பயன்படுத்தவே கூடாது. கேஸ் இணைப்பைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்று ஓனரிடம் எழுத்தில் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் இருந்தால் அவற்றின் சோதனைப் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நால்வரும் காசு போட்டு நீங்களே வாங்கி மாட்டுங்கள். பயமுறுத்துவதற்காக இவ்வளவு சொல்லவில்லை. வீட்டைப் பார்க்கப் போகும் மாணவர்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள், ஹீட்டரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

மின்சாரப் பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்று அதில் இருக்க வேண்டும். வீடுகளில் மனித உயிரைக் காக்கப் பொருத்துவது பொதுவாக 30 மில்லிஆம்பியர் அளவுடையது, அந்த எண் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். அதிலும் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அழுத்தினால் டப்பென்று மின்சாரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தக் கருவி இருந்தும் பயனில்லை. கருகிய பிளக் பாயிண்ட், ஒட்டுப் போட்ட ஒயர், ஓர் அறைக்கே ஒரே ஒரு பாயிண்ட் என்றால் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு லேப்டாப்பும் இஸ்திரிப் பெட்டியும் ஒரே நீட்டிப்புப் பலகையில் தொங்கப்போகின்றன என்றால் அது தீ விபத்துக்கு வழி.

தீ என்றதும் இன்னொன்று. வெளிக்கதவை உள்ளே இருந்து திறக்கச் சாவி தேவைப்படுகிறதா? ஜன்னல் கம்பிகள் திறக்கக்கூடியவையா? புகை சூழ்ந்த இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வாசலை விட்டால் வேறு எந்த வழியாக வெளியேறலாம் என்பதை ஒவ்வோர் அறையிலும் நின்று சொல்லிப் பாருங்கள். பூட்டைப் பற்றி ஓனரிடம் நேராகக் கேளுங்கள், முன்பு குடியிருந்தவர்களிடம் சாவி எத்தனை இருந்தது, எல்லாம் திரும்பி வந்ததா என்று. குடிபோகும் அன்றே பூட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதம் வாங்குங்கள். தூங்கும் அறைக்கும் குளியலறைக்கும் உள்தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும்.

ராத்திரி ஒரு முறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். நூலகம் மூடும் நேரத்தில் கல்லூரியிலிருந்து கிளம்பி, நீங்கள் தினமும் வரப்போகும் அதே வழியில் வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் விளம்பரத்தில் இருக்காது. அப்படியே மேல்வீட்டிலோ பக்கத்திலோ இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். இப்போது காலி செய்பவர்களைப் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. "ஏதாவது ரிப்பேர் என்று சொன்னால் எத்தனை நாளில் ஆள் வரும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலிலேயே ஓனர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. ஒருத்தி பெயரில் போட்டால் போதும் என்பது புரோக்கருக்கு வசதி, உங்களுக்கு இல்லை. காகிதத்தில் பெயர் உள்ளவள்தான் ஓனரைப் பொறுத்தவரை வாடகைதாரர். மற்ற மூவரும் வாடகையைச் சரியாகத் தராவிட்டால் முழுத் தொகைக்கும் அவள் ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல் வந்து "வெளியே போ" என்றாலோ, அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. இரண்டுமே வேண்டாம்.

நால்வரும் கையெழுத்துப் போடுவதிலும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். அதன் பொருள், யார் தரவில்லை என்பது ஓனருக்குக் கவலை இல்லை, முழு வாடகையையும் நால்வரில் யாரிடம் வேண்டுமானாலும் அவர் கேட்கலாம் என்பது. சில வருடங்களுக்கு முன் மூன்று மாணவர்கள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நான்கு பேராகக் கையெழுத்துப் போட்டவர்கள். நான்காமவன் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்குப் போய்விட்டான். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவன் பங்கையும் இவர்கள்தான் கட்ட வேண்டும் என்று ஓனர் நோட்டீஸ் விட்டிருந்தார். "அவன்தானே சார் தரணும், நாங்க எதுக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அவர்களே போட்ட கையெழுத்துக்கு மேலே அந்தச் சொற்கள் இருந்தன. மூவரும் பகுதிநேர வேலைக்குப் போய் அந்தப் பங்கைக் கட்டி முடித்தார்கள்.

முடிந்தால் ஆளுக்கு ஓர் அறை, ஆளுக்கு ஓர் ஒப்பந்தம் என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிக்கவில்லை என்றால், ஒருவர் விலகும்போது அவருக்குப் பதிலாக இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள ஓனர் அனுமதிப்பார் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெற்றோரிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், அது தங்கள் பிள்ளையின் பங்குக்கு மட்டும்தானா, வீட்டின் முழு வாடகைக்குமா என்று படித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். ஜாமீன் தனிக் காகிதமாக இருப்பதால் பலரும் அதைப் படிப்பதே இல்லை.

அப்புறம் உங்கள் நால்வருக்குள்ளேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அட்வான்ஸில் யார் எவ்வளவு போட்டது, பெரிய அறை யாருக்கு, அதற்கு வாடகை கூடுதலா, விலகுபவர் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், வெளியிலிருந்து வந்து தங்கும் விருந்தினர்கள் எத்தனை நாள் தங்கலாம் என்பதையெல்லாம் எழுதுங்கள். தோழிகளுக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதினால்தான் சிரித்துக்கொண்டே எழுத முடியும்.

ஒப்பந்தத்தில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? உங்கள் விடுமுறை மாதங்களுக்கும் வாடகை உண்டா? நடுவில் காலி செய்ய முடியுமா, எத்தனை நாள் நோட்டீஸ்? வாடகையை இடையில் ஏற்றலாமா? தண்ணீர், மின்சாரம், இணையம், குப்பை, பராமரிப்பு ஆகியவற்றில் எவை வாடகைக்குள் வருகின்றன? மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? "ஆகிற செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்வதை நம்பி மேல்வீட்டாரின் ஏசிக்கும் சேர்த்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஓனர் உள்ளே வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்ற வரி பெண்கள் தங்கும் வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். அட்வான்ஸில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள், காலி செய்து எத்தனை நாளுக்குள் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். அட்வான்ஸ், நோட்டீஸ் பற்றிய சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் கல்லூரியில் மாணவர் நல அலுவலகமோ சட்ட உதவி மையமோ இருந்தால் கையெழுத்துக்கு முன் அவர்களிடமும் காட்டுங்கள். "ஃபேன் மாற்றித் தருகிறேன், தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன்" என்று புரோக்கர் சொன்னவை எல்லாம் தேதியோடு அந்தக் காகிதத்தில் ஏற வேண்டும்.

எல்லாம் சரியாக அமைந்து சாவி கைக்கு வந்த பிறகு, பெட்டி படுக்கையை உள்ளே கொண்டுபோகும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். காலி வீட்டை வீடியோ எடுங்கள். ஒவ்வொரு கீறலையும், விரிசல் விட்ட டைலையும், கறையையும் கிட்டப்போய்ப் படம் எடுங்கள். மீட்டர் அளவையும் எடுங்கள். ஒரு மாணவிக்கு, வாஷ்பேசினில் மயிரிழை போல் ஓடிய விரிசலுக்காக அட்வான்ஸில் பெரிய தொகையைப் பிடித்துவிட்டார்கள். குடிபோன அன்று அவள் எடுத்த படத்தில் அதே விரிசல், குழாய்க்கு இடப்பக்கம், அதே வளைவோடு இருந்தது. அந்தப் படத்தை அன்றைக்கே ஓனருக்கும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். அந்த மின்னஞ்சலைக் காட்டியதும் பணம் முழுதாக வந்தது, வழக்குக்கே போகவில்லை. நீங்களும் படங்களை ஃபோனில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் அன்றே அனுப்பிவிடுங்கள். பொருட்களோடு தரும் வீடு என்றால் கட்டில், நாற்காலி, ஃபேன் என்று பட்டியல் போட்டு, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது ஒரு செய்தி அனுப்புவதுதான். புரோக்கருக்கு இப்படி எழுதுங்கள்: "வீடு பிடித்திருக்கிறது. பகலில் ஒரு முறை நால்வரும் வந்து பார்க்கிறோம். அன்று ஓனரிடமும் பேச வேண்டும். ஒப்பந்தத்தின் நகலை முன்பே அனுப்புங்கள், படித்துவிட்டு நால்வர் பெயரிலும் போடுகிறோம். டோக்கன் அதன் பிறகு." நேர்மையான ஓனர் இதைப் படித்தால், பொறுப்பான பிள்ளைகள் என்றுதான் நினைப்பார். நகல் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு தடவை வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.